வெங்காயக் கலர் கராரா

கல்யாணத்துக்கு இருபத்தேழு நாள் இருக்கும்போது தபஸ்ஸும் கமர்ஷியல் தெருக் கடை ஒன்றிலிருந்து மிகுந்த மரியாதையோடு வெளியேற்றப்பட்டாள். யாரும் பிடித்துத் தள்ளவில்லை. கடைக்காரர் பதினோரு கராரா உடைகளை விரித்துப் போட்டார். மாதுளை ஜூஸ் வரவழைத்துக் கொடுத்தார். அவள் தன்னால் எவ்வளவு முடியும் என்று சொன்னாள். அவர் பதினொன்றையும் மடித்து உள்ளே வைத்துவிட்டு, "துப்பட்டா மட்டும் பாக்கறீங்களா?" என்று கேட்டார். அவள் ஜூஸைக் குடித்து முடித்துவிட்டு எழுந்துகொண்டாள்.

"நாலு மணி நேரம் போடற துணிக்கு நாலு மாசச் சம்பளமாம்மா?" என்று பஸ்ஸில் தன் அம்மா ஷமீமிடம் கேட்டாள்.

"உங்க அத்தா காதுல போட்டுடாதே," என்றாள் ஷமீம். "ஆட்டோவ வித்துடுவாரு."

அது வெறும் பேச்சில்லை. அத்தா அப்படிப்பட்டவர்தான். மகள் ஒன்று கேட்டு அது கிடைக்கவில்லை என்று தெரிந்தால் போதும். அந்த ஆட்டோவை வைத்துத்தான் ஈஜிபுராவில் அவர்கள் வீட்டு அடுப்பு எரிந்தது. அதனால் தபஸ்ஸும் வீட்டில் வாயைத் திறக்கவில்லை. ஆனால் ஆசை போகவில்லை. முழங்கால்வரை ஒட்டி நின்று, அதற்குக் கீழே குடை மாதிரி விரிகிற கராரா. அதுவும் வெங்காயத் தோல் நிறத்தில். தலையில் ஒரு பக்கமாக விசிறிபோல் தொங்குகிற ஜூமர். கழுத்தில் கருகமணி எப்படியும் வந்துவிடும், அது மாப்பிள்ளை வீட்டு வேலை. மாப்பிள்ளை இம்தியாஸ் பீன்யாவில் ஏ.சி. மெக்கானிக். "நீ நைட்டியில வந்தாலும் எனக்கு ஓகே" என்று அவன் போனில் சொன்னது ஒரு தீர்வாக அவளுக்குப் படவில்லை.

கோரமங்களாவில் அவள் வரவேற்பு வேலை பார்க்கும் பல் கிளினிக்கில் லவினா என்றொரு நர்ஸ் இருந்தாள். வழி காட்டியது அவள்தான்.

"லாவெல் ரோட்ல ஒரு டிரஸ் பேங்க் இருக்குடி. கல்யாண டிரஸ்ஸு, நகை எல்லாம் இரவலாக் குடுக்கறாங்களாம். காசே இல்ல. முஸ்லிம் பொண்ணுங்களுக்கு தனி செக்ஷனே இருக்காம். எங்க சர்ச் போர்டுல நோட்டீஸ் போட்டிருந்துச்சு."

மறுநாளே தபஸ்ஸும் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனாள்.

ராணி மணக்கோல வங்கி அறக்கட்டளை ஐந்தாவது மாடியில் இருந்தது. வரவேற்பறைச் சுவரில் 'எளிமையே பேரழகு' என்று இத்தாலியப் பளிங்கில் செதுக்கியிருந்தார்கள். அதற்குக் கீழே உட்கார்ந்திருந்த இளம்பெண்ணின் சட்டையில் 'ஸ்னேஹா, மணமகள் பயண அதிகாரி' என்று எழுதியிருந்தது.

"மேடம், இங்க ஏழைப் பொண்ணுங்களுக்கு டிரஸ் இரவல்..."

ஸ்னேஹா பல்வலி வந்ததுபோலக் கண்ணை மூடிக்கொண்டாள். "அந்த வார்த்தைய நாங்க யூஸ் பண்றதில்ல. இந்தக் கதவுக்குள்ள வந்துட்டா எல்லாரும் ராணிதான்."

"சரிங்க மேடம்."

"ஏழைன்னு ப்ரூஃப் கொண்டு வந்திருக்கீங்களா?"

வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டு, வாடகை ஒப்பந்தம் மூன்றும் வேண்டும். அதோடு பதினாலு பக்கப் படிவம். முதல் பக்கத்தில் 'உங்கள் கண்ணியம் எங்கள் உயிர். உங்கள் விவரங்கள் ஒருபோதும் வெளியிடப்படா' என்று இருந்தது. இரண்டாம் பக்கத்தில் தன் புகைப்படத்தை இன்ஸ்டாகிராம், ஆண்டறிக்கை, மெட்ரோ நிலைய விளம்பரம் ஆகியவற்றில் பயன்படுத்தச் சம்மதம் என்று கையெழுத்து வாங்கினார்கள். ஒன்பதாம் பக்கத்தில் தன் கனவை இருநூறு சொற்களில் விவரிக்க வேண்டும்.

தபஸ்ஸும் எழுதினாள்: 'வெங்காயக் கலர் கராரா. இடது பக்கம் ஒரு ஜூமர். போதும்.'

ஸ்னேஹா விரல் விட்டு எண்ணினாள். "கனவு நூத்தித் தொண்ணூத்திரண்டு வார்த்தை குறையுது. பரவால்ல, கமிட்டியில பேசிக்கலாம்."

கிளம்பும்போது பக்கத்து அறைக் கதவு திறந்தது. உள்ளே கொடியில் துணி காயப்போட்டதுபோல நூற்றுக்கணக்கான மணப்பெண் உடைகள் வரிசையாகத் தொங்கின. கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் நாப்தலீன் உருண்டைகளை மாற்றிக்கொண்டிருந்தார். மூன்றாவது வரிசையில், ஓரத்தில், அது தொங்கியது. வெங்காயத் தோல் நிறம். விளிம்பில் பொன் சரிகை. அவள் மனதுக்குள் பார்த்துப் பார்த்து வைத்திருந்ததைவிட ஒரு சாயல் நன்றாகவே இருந்தது.

"அதுதான்," என்றாள் தபஸ்ஸும் வாய்விட்டு.

"அதுதான் எல்லாருக்கும் புடிக்குது," என்றார் அந்த அம்மாள். அவர் குளோரியா, லிங்கராஜபுரத்துக்காரர், கிடங்குப் பொறுப்பாளர். சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை கனவு மதிப்பீட்டுக் கமிட்டி கூடியது. நடுவில் நிறுவனத் தலைவி ஸ்ரீவித்யா. ஒரு பக்கம் ஸ்னேஹா. மறுபக்கம் கேமராவோடு ரயான், தாக்கப் பிரிவு மேலாளர். என்ன தாக்குவார் என்று தபஸ்ஸும் கேட்கவில்லை.

"உங்க சமூகத்துக்கு மரகதப் பச்சைதானே பாரம்பரியம்?" என்று ஆரம்பித்தார் ஸ்ரீவித்யா.

"எனக்கு வெங்காயக் கலர் புடிக்கும் மேடம்."

"வெங்காயம்," என்று ஸ்ரீவித்யா மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "இதுதாம்மா பிரச்சினை. ட்ரெஸ்ஸ நாங்க குடுத்துடலாம். கனவ யார் குடுக்கறது? நாங்க அந்தக் கலரை 'முகலாய ரோஜா'ன்னு சொல்றோம். நீங்க சொல்லுங்க பாக்கலாம்."

"முகலாய ரோஜா மேடம்."

"பாத்தீங்களா? வளருது." பத்துக்கு மூன்று என்றிருந்த கனவு மதிப்பெண் ஆறாக உயர்ந்தது. பிறகு ஓர் உருதுக் கவிதை சொல்லச் சொன்னார்கள். வீட்டில் தமிழ்தான், அத்தாவுக்குச் சொந்த ஊர் குடியாத்தம் என்று அவள் சொன்னதும் கமிட்டியில் ஒரு சோகம் பரவியது. அரை மதிப்பெண் குறைந்தது.

ஜூமர் விவகாரம் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டது. இடது பக்கம்தான் வைப்பது வழக்கம் என்றாள் தபஸ்ஸும். வலது பக்கம் என்று தான் ஒரு புத்தகத்தில் படித்ததாக ஸ்ரீவித்யா சொன்னார். தன் கேமரா எப்போதும் வலது பக்கம்தான் நிற்கும் என்றார் ரயான். நடுவில் வைக்கலாமா என்று கேட்டாள் ஸ்னேஹா. நடுவில் நெற்றிச்சுட்டி வரும் என்று தபஸ்ஸும் நினைவூட்டியதும், விஷயம் நகைத் துணைக்கமிட்டிக்கு அனுப்பப்பட்டது. அந்த ஜூமர் தங்க முலாம் பூசியது. சிவாஜிநகரில் எண்ணூறு ரூபாய்க்குக் கிடைக்கும். இங்கே அதற்கு இரண்டு சாவிப் பெட்டகமும் துப்பாக்கி வைத்த காவலாளியும் ஏற்பாடு செய்திருந்தார்கள்.

உடை தருவதற்கு முன்னால் 'எளிய அழகு' என்ற சான்றிதழ் வகுப்பில் உட்கார வேண்டும் என்றார்கள். சனிக்கிழமை ஸ்ரீவித்யாவே பாடம் எடுத்தார். தபஸ்ஸுமோடு இன்னும் ஆறு பெண்கள் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"நான் ரொம்ப சிம்பிளான மனுஷி," என்றார் ஸ்ரீவித்யா. "என் பொண்ணு கல்யாணத்துல ஏழு ஃபங்ஷனோட கண்டிப்பா நிறுத்திட்டேன். எட்டாவது வேணும்னு சம்பந்தி வீட்ல அழுதாங்க. நான் அசையல. இந்த வைர நெக்லஸ் பாருங்க, தீபாவளிக்குப் போட்டது. இன்னிக்கும் போட்டிருக்கேன். வெக்கப்படறேனா? இல்ல. ஒரு தடவை போட்டத மறுபடி போடறதுக்கு தைரியம் வேணும். அந்த தைரியத்தத்தான் உங்களுக்கு கத்துக்குடுக்கப் போறேன்."

அக்கா கல்யாணத்துச் செருப்பையே மூன்றாவது வருடமாகப் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் அதைக் குறித்துக்கொண்டாள்.

தபஸ்ஸும் கை தூக்கினாள். "மேடம், போன வருஷம் எத்தனை பேருக்கு டிரஸ் குடுத்தீங்க?"

ஸ்ரீவித்யா பரிவோடு சிரித்தார். "குடுக்கறது யாரு வேணாலும் பண்ணலாம்மா. குடுத்தா துணி கசங்கும், கறை படும். நாங்க குடுக்கறதப் பத்தின விழிப்புணர்வக் குடுக்கறோம். ரயான், எவ்ளோ?"

"நாலு லட்சம் பேரைச் சென்றடைஞ்சிருக்கோம் மேடம்."

"நாலு லட்சம்," என்றார் ஸ்ரீவித்யா. எல்லோரும் கை தட்டினார்கள். தபஸ்ஸுமும் தட்டினாள். மற்றவர்கள் தட்டும்போது சும்மா இருக்க முடியவில்லை.

அடுத்தது வீட்டுச் சரிபார்ப்பு. ஸ்னேஹாவும் ரயானும் காரை மெயின் ரோட்டில் விட்டுவிட்டு ஈஜிபுராச் சந்துக்குள் நடந்து வந்தார்கள். விருந்தாளிகள் வருகிறார்கள் என்று ஷமீம் பக்கத்து வீட்டு மமதாவிடம் தங்க விளிம்பு போட்ட கப்புகளை வாங்கி வைத்திருந்தாள். டீயோடு சமோசா, அதோடு நில்லாமல் மட்டன் குருமாவும் இடியாப்பமும். ரயான் இரண்டு தட்டுச் சாப்பிட்டார். பிறகு சுவரைப் பார்த்து முகம் சுளித்தார். கல்யாணத்துக்காக அத்தா போன வாரம்தான் நீலப் பெயின்ட் அடித்திருந்தார்.

"சுவரு ரொம்ப சந்தோஷமா இருக்கு. பெயின்ட் அடிக்காத வீடு எதுனா பக்கத்துல இருக்கா?"

மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தபஸ்ஸுமை உட்கார வைத்துப் படம் எடுத்தார்கள். "கொஞ்சம் தூரமாப் பாருங்க," என்றார் ரயான். தூரத்தில் சோனி சிக்னல் மேம்பாலத் தூண்கள் பல வருடமாக முடியாமல் நின்றன. அவற்றைப் பார்த்ததும் முகத்தில் தானாகவே ஒரு ஏக்கம் வந்தது. ரயானுக்கு மிகவும் திருப்தி.

நான்காம் நாள் அறிக்கை வந்தது. 'விருந்தோம்பல் வருமானத்துக்கு மேல் உள்ளது. தங்க விளிம்புக் கோப்பைகள் ஆறு காணப்பட்டன. விளக்கம் தேவை.' கோப்பைகள் தன்னுடையவைதான் என்று மமதா கன்னடத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அதைத் தமிழில் மொழிபெயர்த்து, பிறகு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சமர்ப்பித்தபோது கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது.

அன்று சாயங்காலம் ஷமீம் கிளினிக்குக்குப் போன் பண்ணினாள். குரல் அடங்கியிருந்தது. "அத்தாவுக்குத் தெரிஞ்சிடுச்சு. கமர்ஷியல் தெரு கடைக்காரன் கராரா விலை எழுதிக் குடுத்த கார்டு என் பையில இருந்துச்சு, பாத்துட்டாரு. ஆட்டோவ எவ்ளோக்கு எடுத்துக்குவேன்னு ஸ்டாண்டுல கேட்டுட்டு இருக்காராம்."

தபஸ்ஸும் அன்றைக்கு மூன்று நோயாளிகளுக்குத் தவறான நேரம் கொடுத்தாள். பிறகு ஸ்னேஹாவுக்குப் போன் செய்து, டிரஸ் கிடைக்குமா கிடைக்காதா என்று இரண்டில் ஒன்று சொல்லும்படி கெஞ்சினாள்.

"நீங்கதான் இந்த வருஷ முகம்!" என்றாள் ஸ்னேஹா. "அடுத்த சனிக்கிழமை ராணி விழா. அந்த கராராவப் போட்டு ராம்ப்ல நடக்கறீங்க, ஒரு நிமிஷம் பேசறீங்க, அங்கயே உங்களுக்கு ஒப்படைச்சிடுவோம்."

"ஞாயித்துக்கெழம காலையில நிக்காஹ் மேடம்."

"பர்ஃபெக்ட் டைமிங்!"

விழா ஒரு நட்சத்திர ஓட்டலில் பகல் மூன்று மணிக்கு. நானூறு பேர் வந்திருந்தார்கள். மேடைக்குப் பின்னால் குளோரியா அவளுக்குக் கராராவைப் போட்டுவிட்டார். இடுப்பில் ஒரு தையல் பிரித்து, ஒரு தையல் போட்டு, நிமிடத்தில் சரிசெய்தார். ஜூமரை வலது பக்கம் வைத்தார்கள். துணைக்கமிட்டி கேமராவின் பக்கம் தீர்ப்பளித்திருந்தது. கண்ணாடி முன்னால் தபஸ்ஸும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். அந்தப் பதினாலு பக்கமும், தண்ணீர்த் தொட்டியும், கோப்பைகளும் போனால் போகட்டும் என்று இருந்தது.

நடந்தாள். பேசினாள். "இந்த டிரஸ்ஸ எனக்குக் குடுக்கறதுக்கு தேங்க்ஸ்" என்ற ஒரு வரியைத்தான் எழுதிக் கொடுத்ததற்கு மாறாகத் தானே சேர்த்தாள்.

ஸ்ரீவித்யா மைக்கை வாங்கினார். "இப்ப இந்த மாலையோட முக்கியமான கட்டம். தபஸ்ஸும் போட்டிருக்கிற இந்த முகலாய ரோஜா கராரா ஏலத்துக்கு வருது!"

முதலில் தனக்குத்தான் காது சரியாகக் கேட்கவில்லை என்று தபஸ்ஸும் நினைத்தாள். ஒரு லட்சம் என்றது ஒரு மேசை. ஒன்றரை என்றது இன்னொன்று. "திரும்பி நில்லும்மா, பின்பக்க வேலைப்பாட்டக் காட்டு," என்றார் ஸ்ரீவித்யா. அவள் திரும்பி நின்றாள். நான்கே கால் லட்சத்துக்கு, கட்டடம் கட்டி விற்கும் ஒருவரின் மனைவி எடுத்தார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

திரைக்குப் பின்னால் தபஸ்ஸும் ஸ்ரீவித்யாவைப் பிடித்துக்கொண்டாள். "மேடம், என் டிரஸ்ஸு?"

"நீ என்ன பண்ணியிருக்கேன்னு உனக்கே தெரியலம்மா! உன் டிரஸ்ஸ முப்பது மணமகளுக்காக விட்டுக் குடுத்திருக்க. நீ இப்ப பயனாளி இல்ல. நன்கொடையாளர்!"

"நாளைக்கு காலையில எனக்குக் கல்யாணம் மேடம்."

"நன்கொடையாளருக்கு இரவல் குடுக்க நம்ம சட்டத்துல இடம் இல்லம்மா. ஷீல்டு உண்டு." ஸ்ரீவித்யா அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு மேடைக்குப் போனார்.

தபஸ்ஸும் அங்கிருந்த அட்டைப் பெட்டிமேல் உட்கார்ந்தாள். அத்தா நாளைக்கு ஆட்டோ இல்லாமல் நிற்கப் போகிறார் என்பதுதான் முதலில் தோன்றியது. அழுகை வந்தது. மை கலைந்து கராராவில் சொட்டிவிடப் போகிறதே என்று தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டாள். அந்த நிலையிலும் துணியைக் காப்பாற்றத் தோன்றியதை நினைத்து அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

குளோரியா பக்கத்தில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அஞ்சு வருஷமா இதே கராராதாம்மா ஏலத்துல போவுது. வாங்கறவங்க யாரும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனதில்ல. மேடையில நின்னு, 'ஏதாவது ஒரு ஏழை மணமகளுக்குக் குடுத்துடுங்க'ன்னு சொல்லுவாங்க, போட்டோ எடுத்துப்பாங்க, போயிடுவாங்க. நான் திருப்பிக் கொண்டு போயி மாட்டிடுவேன்."

"எல்லார் முன்னாடியும் சொல்லுவாங்களா ஆன்ட்டி?"

"மைக்குலதாம்மா சொல்லுவாங்க."

தபஸ்ஸும் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஜூமரை வலது பக்கத்திலிருந்து எடுத்து இடது பக்கம் குத்திக்கொண்டாள்.

ஷீல்டு வாங்க அவளை அழைத்தார்கள். கட்டடக்காரரின் மனைவி அவள் தோளில் கை போட்டுக்கொண்டு மைக்கில் பேசினார். "எனக்கு எதுக்குங்க இதெல்லாம்? கடவுள் குடுத்தது போதும். இந்த உடைய நகையோட சேத்து, ஏதாவது ஒரு ஏழை மணமகளுக்கு என் அன்பளிப்பா..."

"நான்தான் ஆன்ட்டி," என்றாள் தபஸ்ஸும். மைக் பக்கத்திலேயே இருந்ததால் அரங்கம் முழுக்கக் கேட்டது. "நாளைக்குக் காலையில பத்து மணிக்குக் கல்யாணம். ஈஜிபுரா. ரொம்ப தேங்க்ஸ். நீங்களும் வந்துடுங்க, பிரியாணி இருக்கு."

முதலில் பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். பிறகு நானூறு பேரும் எழுந்து நின்று தட்டினார்கள். ஓர் அம்மாள் விசும்பினார். ரயான் எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டிருந்தார். ஸ்ரீவித்யா சிரித்தபடி தட்டினார். அவர் கை மட்டும் தாளத்தோடு சேரவில்லை.

தபஸ்ஸும் ராம்ப் வழியாகவே இறங்கி, மேசைகளுக்கு நடுவே நடந்து, கண்ணாடிக் கதவைத் தாண்டி வெளியே வந்தாள். காவலாளி தடுக்கவில்லை. கதவைத் திறந்துவிட்டு சலாம் வைத்தார். வாசலிலிருந்தே அத்தாவுக்குப் போன் பண்ணினாள்.

"வித்துட்டீங்களா?"

"பேசிட்டிருக்கேம்மா. எழுபது சொல்றான்."

"விக்காதீங்க. அதுலயே வந்து என்னைக் கூட்டிட்டுப் போங்க. பஸ்ல ஏற முடியாது, அவ்ளோ பெருசா விரியுது."

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. இம்தியாஸ் அவளைப் பார்த்துவிட்டு, நைட்டி பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொண்டான். கட்டடக்காரரின் மனைவி நிஜமாகவே வந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டு, இரண்டாவது முறையும் கேட்டு வாங்கினார். மேடைப் படம் இணையத்தில் பல லட்சம் பேரால் பார்க்கப்பட்டதால் அறக்கட்டளை உடையைத் திருப்பிக் கேட்கவில்லை. அந்த ஆண்டறிக்கையில், உடை பெற்ற மணமகள்கள் முந்தைய ஆண்டு பூஜ்யம், இந்த ஆண்டு ஒன்று என்று காட்டி, வளர்ச்சி விகிதம் கணக்கிட முடியாத அளவு உயர்ந்திருப்பதாகத் தலைவி பெருமிதம் தெரிவித்திருந்தார்.

கராரா தபஸ்ஸுமின் பீரோவில் பத்து நாள்கூட இருக்கவில்லை. முதலில் இம்தியாஸின் தங்கை வாங்கிப்போனாள். அப்புறம் வகுப்பில் அக்கா கல்யாணத்துச் செருப்போடு உட்கார்ந்திருந்த அந்தப் பெண். அப்புறம் நீலசந்திராவில் ஒருத்தி, டேனரி ரோட்டில் ஒருத்தி. இடுப்புத் தையலைப் பிரித்துப் போட ஞாயிறுதோறும் குளோரியா வந்துவிடுவார்.

ஐந்து மாதம் கழித்து ஸ்னேஹா போன் செய்தாள்.

"ஹலோ, ராணி மணக்கோல வங்கியிலிருந்து. ஒரு ஃபீட்பேக் எடுக்கணும். ஒண்ணுலருந்து பத்துக்குள்ள, உங்க கல்யாணத்தன்னிக்கு எவ்வளவு ராணியா ஃபீல் பண்ணீங்க?"

"கிளினிக்ல ஆளுங்க உக்காந்திருக்காங்க மேடம். நீங்களே ஏதாவது போட்டுக்கோங்க."

"ஒன்பது போட்டுக்கறேன்." அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது, ஒரு கதவு சாத்தப்பட்டது. திரும்பி வந்தபோது ஸ்னேஹாவின் குரல் வேறு மாதிரி இருந்தது. "தபஸ்ஸும்... எனக்கு மார்ச்சுல கல்யாணம். ரிசெப்ஷனுக்கு எங்க பாத்தாலும் விலை கேட்டா தலை சுத்துது. எங்க ஸ்டாஃபுக்கு எலிஜிபிலிட்டி கெடையாது. அந்த கராரா..."

"இப்ப டேனரி ரோட்ல இருக்கு," என்றாள் தபஸ்ஸும். "வியாழக்கிழமை வந்துடும். வந்து எடுத்துக்கோங்க மேடம். வாஷிங் மெஷின்ல மட்டும் போட்டுடாதீங்க."